ஒன்பதாம் வகுப்பில் எந்த வரலாறு?

கேள்வி: டாலஸ் அருகே வசிக்கிறோம். எங்கள் சொந்த ஊர் சேலம். மகளுக்கு வயது 14, மகனுக்கு 11. இருவரும் இங்கே பிறந்தவர்கள். நான்கு ஆண்டுகளாக இருவரையும் வீட்டிலேயே படிக்க வைக்கிறேன். வரும் 2026 ஆகஸ்டில் மகள் ஒன்பதாம் வகுப்பும் மகன் ஆறாம் வகுப்பும் தொடங்குகிறார்கள். கணிதத்திலும் அறிவியலிலும் எனக்குக் குழப்பம் இல்லை. சமூக அறிவியலில்தான் எதை எந்த ஆண்டில் வைப்பது என்று தெரியவில்லை. எங்கள் வீட்டுக்கல்விக் குழுவில் ஒருவர் பள்ளிகளின் வரிசையையே பின்பற்றச் சொல்கிறார்: உலகப் புவியியல், உலக வரலாறு, அமெரிக்க வரலாறு, கடைசியில் அரசாங்கமும் பொருளியலும். இன்னொருவர், தொன்மைக் காலத்திலிருந்து இன்றுவரை நான்காண்டுச் சுற்றாக நடத்துங்கள் என்கிறார். அந்தச் சுற்றை ஐந்தாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை ஒருமுறை முடித்துவிட்டோம். மகள் நிறைய வாசிப்பாள். எழுதச் சொன்னால் அரைப் பக்கத்தில் நிறுத்திவிடுவாள். ஆண்டுகளை மனப்பாடம் செய்வது அவளுக்குப் பிடிக்காது. வரிசை தவறினால் கல்லூரி சேர்க்கையில் பாதிப்பு வருமா? மகனையும் சேர்த்து உட்கார வைத்து நடத்தலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். காரணங்களைப் படித்த பிறகு ஏற்பதும் மாற்றுவதும் உங்கள் உரிமை. ஒன்பதில் உலக வரலாறு, புவியியலையும் அதற்குள்ளேயே சேர்த்து. பத்தில் அமெரிக்க வரலாறு, தொடக்கம் முதல் இன்றுவரை முழுவதும். பதினொன்றில் அரசாங்கம், ஓராண்டு முழுக்க. பன்னிரண்டில் அரை ஆண்டு பொருளியல், மீதி அரை ஆண்டு மகளே தேர்ந்தெடுக்கும் ஒரு தலைப்பு.

பள்ளி வரிசையிலிருந்து இது முக்கியமாக இரண்டு இடங்களில் விலகுகிறது. புவியியலுக்குத் தனி ஆண்டு கிடையாது. அரசாங்கம் ஓராண்டு முன்னதாக வருகிறது. இரண்டாவது விலகல் உங்கள் மகள் பிறந்த ஆண்டைப் பார்த்து நான் செய்தது. அதைப் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறேன்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். டெக்சஸ் மாநில உச்ச நீதிமன்றம் 1994-இல் லீப்பர் வழக்கில், வீட்டுக்கல்வியைத் தனியார் பள்ளியாகவே கருத வேண்டும் என்று தீர்ப்பளித்தது. வாசிப்பு, எழுத்துக்கூட்டல், இலக்கணம், கணிதம், நற்குடிமை ஆகிய ஐந்தையும் ஒரு பாடத்திட்டத்தின்படி உண்மையாக நடத்த வேண்டும். மாநிலத்திடம் பதிவு செய்ய வேண்டியதில்லை, மாநிலத் தேர்வும் இல்லை. உலக வரலாறு என்ற பெயரே அந்தப் பட்டியலில் கிடையாது. இருப்பது நற்குடிமை மட்டுமே. வரிசையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. நீங்கள் நியூயார்க்கில் இருந்திருந்தால் நிலைமை வேறு. அங்கே ஒன்பது முதல் பன்னிரண்டு வரை சமூக அறிவியலில் நான்கு அலகுகள் வேண்டும். அவற்றில் ஓர் அலகு அமெரிக்க வரலாறு, அரை அலகு அரசாங்கத்தில் பங்கேற்பு, அரை அலகு பொருளியல். காலாண்டுக்கு ஓர் அறிக்கையும் அனுப்ப வேண்டும். பென்சில்வேனியாவில் மூன்று ஆண்டுகள் போதும். ஆனால் ஆண்டுதோறும் ஒரு மதிப்பீட்டாளர் குழந்தையின் வேலைத் தொகுப்பைப் பார்ப்பார். கணவரின் வேலை மாறி இடம்பெயர நேர்ந்தால் இவை தேவைப்படும். அதனால், டெக்சஸ் கேட்காவிட்டாலும், எந்தப் பாடத்தில் என்ன புத்தகம், என்ன கட்டுரை, எத்தனை மணி நேரம் என்ற குறிப்பை இன்றிலிருந்தே ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். ஒரு கிரெடிட்டுக்கு, அதாவது ஓராண்டுப் பாடத்தை முடித்ததற்கான ஓர் அலகுக்கு, ஏறத்தாழ 120 மணி நேரம் என்பது நெடுங்காலமாகப் பழகிவந்த கணக்கு.

டெக்சஸ் அரசுப் பள்ளி மாணவர் பட்டம் பெறச் சமூக அறிவியலில் மூன்று கிரெடிட் வேண்டும். அமெரிக்க வரலாறு ஒன்று, அரசாங்கம் அரை, பொருளியல் அரை. மீதி ஒன்று உலக வரலாறாகவோ உலகப் புவியியலாகவோ இருக்கலாம். இது உங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனால் கல்லூரிக்காரர்கள் உங்கள் மகளின் டிரான்ஸ்கிரிப்டை, அதாவது நான்காண்டுப் பாட, மதிப்பெண் பட்டியலைப் பார்க்கும்போது மனத்தில் வைத்திருக்கும் அளவுகோல் இதைப் போன்றதுதான். இந்த நான்கும் இருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். அமெரிக்க வரலாறு பத்தாம் வகுப்பில் இருக்கிறதா பதினொன்றில் இருக்கிறதா என்பதற்காக ஒரு பிள்ளையை ஒதுக்கிய கல்லூரியை என் அனுபவத்தில் நான் பார்த்ததில்லை. ஒன்றே ஒன்றுதான் கணக்கில் வரும். விண்ணப்பம் போவது பன்னிரண்டாம் வகுப்பின் இலையுதிர் காலத்தில். அப்போது கையில் இருப்பவை ஒன்பது, பத்து, பதினொன்றின் மதிப்பெண்கள் மட்டுமே. பள்ளி மாணவர்கள் கல்லூரி நிலைப் பாடத்தில் எழுதும் ஏபி தேர்வைப் பன்னிரண்டின் மே மாதம் எழுதினால், முடிவு ஜூலையில்தான் வரும். சேர்க்கை அதற்கு முன்பே முடிந்துபோயிருக்கும். எனவே கனமான பாடங்கள் பதினொன்றின் முடிவுக்குள் நிறைவடைய வேண்டும். நான் தந்த வரிசை அப்படித்தான் அமைந்திருக்கிறது.

பள்ளி வரிசையை அப்படியே எடுத்துக்கொள்வதில் ஒரு பள்ளம் இருக்கிறது. நான் விழுந்த பள்ளம் என்பதால் சொல்கிறேன். இந்த மாநிலத்துப் பள்ளிகளில் அமெரிக்க வரலாறு இரண்டாக வெட்டப்பட்டிருக்கிறது. குடியேற்றம் முதல் 1877 வரை எட்டாம் வகுப்பில். அதற்குப் பிந்தையது பதினொன்றாம் வகுப்பில். என் மூத்த மகனுக்கு வீட்டில் பாடம் நடத்தியபோது, அது தெரியாமல் பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தை மட்டும் வாங்கினேன். மூன்றாவது வாரத்தில் அவன் கேட்டான்: "அடிமை முறை ஒழிந்ததற்குப் பிறகு என்று தொடங்குகிறார்களே, அது எப்போது தொடங்கியது?" புரட்சியும் அரசமைப்பும் உள்நாட்டுப் போரும் இல்லாத ஓர் அமெரிக்க வரலாற்றை அவனிடம் நீட்டியிருந்தேன். அந்த ஆண்டின் பாதியைப் பின்னோக்கிப் போவதிலேயே கழித்தோம். உங்கள் மகள் எட்டாம் வகுப்பில் சுற்றின் நவீனக் காலப் பகுதியைப் படித்திருக்கிறாள். பள்ளியின் எட்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்கவில்லை. ஆகவே புத்தகம் வாங்கும்போது அட்டையில் உள்ள வகுப்பு எண்ணைப் பார்க்காதீர்கள். பொருளடக்கத்தில் முதல் அத்தியாயம் எந்த ஆண்டில் தொடங்குகிறது என்று பாருங்கள்.

நான்காண்டுச் சுற்றைப் பற்றி எனக்கு மரியாதை உண்டு. சிறு வயதில் அதைவிட நல்ல வழி இல்லை என்றுகூடச் சொல்வேன். காலம் ஓர் ஆறு போல ஓடுகிறது என்ற உணர்வை அது தருகிறது. உங்கள் மகளுக்கு அது ஏற்கெனவே கிடைத்திருக்கிறது. அதே சுற்றை மறுபடியும் தொடங்கினால் பதினான்கு வயதுப் பெண் மீண்டும் மெசொப்பொத்தாமியாவில் நிற்பாள். அமெரிக்க வரலாறு மூன்றாம், நான்காம் ஆண்டுகளில் துண்டு துண்டாக வரும். விண்ணப்பிக்கும் நேரத்தில் அதில் பாதிதான் முடிந்திருக்கும். அரசாங்கமும் பொருளியலும் அதற்கு மேல் கூடுதல் சுமை. கிரேக்கமோ லத்தீனோ படிக்க ஆசைப்படும் பிள்ளை என்றால் இந்தச் சுற்றைத்தான் சொல்வேன். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை.

இனி ஒன்பதாம் வகுப்பு. உலக வரலாற்றை முழுதாக ஓராண்டில் நடத்த முயன்றால் அது ரயில் ஜன்னலில் ஊர்களைப் பார்ப்பது போலாகும். தொன்மைக் காலத்தை அவள் அறிவாள். அதனால் 1200-ஐ ஒட்டித் தொடங்குங்கள். ஏபி உலக வரலாறும் அங்கேதான் தொடங்குகிறது. பின்னாளில் அவள் அந்தத் தேர்வை எழுத விரும்பினாலும் வழி அடைபடாது. ஆனால் ஒன்பதிலேயே அந்தத் தேர்வு வேண்டாம். ஏழு ஆவணங்களைப் படித்து அவற்றை ஆதாரமாக வைத்து ஒரு மணி நேரத்தில் வாதக் கட்டுரை எழுதச் சொல்லும் தேர்வு அது. அரைப் பக்கத்தில் நிற்கும் பிள்ளையை முதல் ஆண்டிலேயே அதன் முன் நிறுத்தினால், அவளுக்கு வரலாற்றின் மீதே வெறுப்பு வந்துவிடும்.

புவியியலை எப்படி உள்ளே வைப்பது? முதல் ஆறு வாரங்கள் வரைபடத்தோடு இருங்கள். வெற்று வரைபடத்தில் மலை, ஆறு, நீரிணை, காற்று. குறிப்பாகக் காற்று. தென்மேற்குப் பருவக்காற்றும் வடகிழக்குப் பருவக்காற்றும் மாறி மாறி வீசுவதால்தான் அரபுக் கப்பல்கள் கேரளக் கரைக்கு வந்து மாதக்கணக்கில் காத்திருந்து திரும்பின. 1025-இல் ராஜேந்திர சோழனின் கடற்படை சுமத்ராவின் ஸ்ரீவிஜயத்துக்குப் போனதும் இந்தப் பருவக்காற்றுகள் வீசும் கடலிலேதான். அந்த அம்புக்குறிகளை அவள் கையால் வரைந்துவிட்டால், மலாக்கா நீரிணையை யார் பிடிக்கிறார்களோ அவர்களிடம் ஏன் செல்வம் சேர்ந்தது என்பதைத் தனியாக விளக்க வேண்டியிருக்காது. பள்ளிகளில் ஓராண்டு நடக்கும் புவியியலில் மனிதர் சார்ந்த பகுதிகள் இன்னும் நிறைய உண்டு. அவற்றை விடுகிறோம் என்பதை அறிந்தே விடுகிறேன்.

உலகம் முதலில், அமெரிக்கா பிறகு என்று நான் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. அமெரிக்க வரலாற்றைத் தனியே படிக்கும் பிள்ளைக்கு 1773 டிசம்பர் 16 இரவு பாஸ்டன் துறைமுகத்தில் கொட்டப்பட்ட தேயிலை ஒரு வரிச் சண்டை. உலக வரலாற்றைப் படித்துவிட்டு வரும் பிள்ளைக்கு அது வேறு. அந்தத் தேயிலை சீனாவில் விளைந்தது. கொண்டுவந்தது கிழக்கிந்திய கம்பெனி, அதாவது சென்னையில் கோட்டை கட்டி உட்கார்ந்திருந்த அதே கம்பெனி. வங்காளத்தில் 1770-ஐ ஒட்டி வந்த கொடும் பஞ்சத்தாலும் போர்ச் செலவுகளாலும் அது கடனில் மூழ்கியது. லண்டன் கிடங்குகளில் தேயிலை விற்காமல் தேங்கிக் கிடந்தது. கம்பெனியைக் காப்பாற்றப் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் கொண்டுவந்த சட்டம்தான் அமெரிக்கர்களைக் கொதிக்க வைத்தது. வங்காளத்து வயலுக்கும் பாஸ்டன் துறைமுகத்துக்கும் இடையே ஒரு நூல் ஓடுகிறது.

நீங்கள் சேலத்துக்காரர் என்பதால் இன்னொன்று. 1781 அக்டோபரில் யார்க்டவுனில் தோற்று, அமெரிக்காவைப் பிரிட்டன் இழக்கக் காரணமானவர் கார்ன்வாலிஸ். அவரையே 1786-இல் இந்தியாவுக்குக் கவர்னர் ஜெனரலாக அனுப்பினார்கள். அவர்தான் திப்பு சுல்தானோடு போரிட்டு 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையை வாங்கினார். சேலமும் பாராமகாலும் திண்டுக்கல்லும் கம்பெனியின் கைக்குப் போனது அந்த உடன்படிக்கையால்தான். ஓர் இடத்தில் நாட்டை இழந்த தளபதி இன்னோர் இடத்தில் உங்கள் ஊரைப் பிடித்திருக்கிறார். இதற்கு மறுபக்கமும் உண்டு: புரட்சிப் போர்க் காலத்தில் பென்சில்வேனியாக்காரர்கள் தங்கள் போர்க்கப்பல் ஒன்றுக்கு 'ஹைதர் அலி' என்று பெயர் வைத்தார்கள். உலகின் மறுகோடியில் ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்டவரின் பெயர் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. 1782 ஏப்ரலில் டெலவேர் விரிகுடாவில் அந்தக் கப்பல் 'ஜெனரல் மங்க்' என்ற பிரிட்டிஷ் கப்பலைப் பிடித்தது. ஆண்டுகளை மனப்பாடம் செய்யப் பிடிக்காத பெண்ணிடம் இந்தக் கதையைச் சொல்லிப் பாருங்கள். 1781-க்கும் 1792-க்கும் இடையே என்ன நடந்தது என்று அவளே தேடுவாள். ஆண்டு எண்கள் அப்படித்தான் மனத்தில் தங்கும். பட்டியலாகக் கொடுத்தால் தங்காது.

எழுத்தைப் பற்றிக் கவலைப்படுகிறீர்கள். இந்த முதல் ஆண்டின் உண்மையான பாடம் எழுத்துதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு ஓர் ஆவணம்: ஒரு பயணியின் குறிப்பு, ஓர் உடன்படிக்கையின் பகுதி, ஒரு கடிதம். எழுதியவர் யார், யாருக்காக எழுதினார், எதைச் சொல்லாமல் விட்டார் என்ற மூன்று கேள்விகளுக்கு ஒரே ஒரு பத்தி. டிசம்பர் வரை பத்தியை நீளமாக்கச் சொல்லாதீர்கள். ஜனவரியிலிருந்து ஒன்றுக்கொன்று முரண்படும் இரண்டு ஆவணங்களைக் கொடுங்கள். அப்போது அரைப் பக்கம் போதாது என்று அவளே சொல்வாள். நிறைய வாசிக்கும் பிள்ளைகள் எழுதாமல் நிற்பது பெரும்பாலும் சொல்ல எதுவும் இல்லாததால் அல்ல. யாரோடு வாதிடுகிறோம் என்பது தெரியாததால்தான்.

பத்தாம் வகுப்பில் அமெரிக்க வரலாறு. இதை வீட்டிலேயே நீங்கள் நடத்துங்கள் என்பது என் வேண்டுகோள். உள்ளூரில் இருக்கும் ஈராண்டுக் கல்லூரியான கம்யூனிட்டி கல்லூரியில் இதை 1877 வரை ஒன்று, அதற்குப் பின் ஒன்று என இரண்டு செமஸ்டர்களாக எடுக்கலாம். அங்கே பெறும் மதிப்பெண் பள்ளிக்கும் கல்லூரிக்கும் சேர்ந்தே கணக்கில் வரும். ஆனால் அந்த மதிப்பெண் அவளுடைய கல்லூரிப் பதிவில் நிரந்தரமாக நிற்கும். பதினைந்து வயதில் ஒரு மோசமான செமஸ்டர் வந்தால், அது இருபது வயதிலும் பின்தொடரும். அதற்கு அவள் இன்னும் ஓராண்டு வளரட்டும்.

வீட்டில் நடத்துவதற்கு வேறொரு காரணமும் எனக்கு முக்கியம். உங்கள் குடும்பம் இந்த நாட்டில் இருப்பதே அமெரிக்க வரலாற்றின் ஒரு பகுதி. அதைப் பாடப்புத்தகம் ஓரிரு வரிகளில் கடந்துவிடும். 1923-இல் பகத்சிங் திந்த் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், இந்தியர்கள் வெள்ளையர் அல்லர் என்பதால் குடியுரிமை பெற முடியாது என்று தீர்ப்பளித்தது. அவர் முதல் உலகப் போரில் அமெரிக்கப் படையில் சேவை செய்தவர். 1946-இல் வந்த சட்டம் இந்தியர்கள் குடியுரிமை பெற வழிதிறந்தது. ஆனால் ஆண்டுக்கு நூறு பேர்தான் குடியேறலாம். அந்த வழியில் குடிமகனான தலீப் சிங் சவுந்த் 1956-இல் கலிஃபோர்னியாவிலிருந்து காங்கிரசுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். குடிமக்கள் உரிமை இயக்கம் உச்சத்தில் இருந்த 1965-இல்தான் நாடுவாரியான பழைய ஒதுக்கீடு ஒழிந்தது. வேலைக்காக வருவோருக்கான எச்-1பி விசா 1990-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்தது. மார்ட்டின் லூதர் கிங் 1959-இல் இந்தியாவுக்கு வந்ததை மகளோடு படியுங்கள். நம் பிள்ளைகள் டாலஸில் வீடு வாங்கி வாழ முடிகிறதென்றால், அதற்கு நிறவேறுபாட்டை எதிர்த்து மான்ட்கோமரியில் பஸ்ஸைப் புறக்கணித்து ஓராண்டுக்கு மேல் நடந்தவர்களின் கால்களும் காரணம். இதை நீங்கள் சொல்ல வேண்டும். வேறு யாரும் உங்களைப் போலச் சொல்லிவிட முடியாது.

ஏபி அமெரிக்க வரலாறு எழுதலாமா என்று கேட்பீர்கள். எழுத்து முன்னேறியிருந்தால் எழுதலாம், கட்டாயமில்லை. முடிவெடுக்கும் காலம் மட்டும் முன்கூட்டியே வந்துவிடும். தேர்வு மே மாதத்தில்; பெயர் கொடுப்பது முந்தைய இலையுதிர் காலத்திலேயே, நவம்பரில் முடிந்துவிடும். வீட்டில் படிக்கும் பிள்ளைக்கு இடம் தரும் பள்ளியை நீங்களே தேட வேண்டும். எல்லாப் பள்ளிகளும் ஒப்புக்கொள்ளாது. ஆகஸ்டிலேயே நாலைந்து பள்ளிகளுக்குத் தொலைபேசியில் பேசத் தொடங்குங்கள். டிரான்ஸ்கிரிப்டில் பாடத்தின் பெயருக்கு முன்னால் 'ஏபி' என்று போட, உங்கள் பாடத்திட்டத்தை அந்தத் தேர்வை நடத்தும் காலேஜ் போர்டுக்கு அனுப்பி ஒப்புதல் பெற வேண்டும். ஒப்புதல் இல்லாமலும் தேர்வு எழுதலாம். அப்போது அந்த இரண்டு எழுத்தைப் போடக்கூடாது.

பதினொன்றாம் வகுப்புக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தைப் படித்தவுடன் நான் செய்த முதல் வேலை, காலண்டரை எடுத்துப் பார்த்ததுதான். உங்கள் மகள் பதினொன்றாம் வகுப்பைத் தொடங்குவது 2028 ஆகஸ்டில். 2028 நவம்பர் 7 அதிபர் தேர்தல். 2029 ஜனவரி 9 டெக்சஸ் சட்டமன்றம் கூடுகிறது. இந்த மாநிலத்தின் சட்டமன்றம் இரண்டாண்டுக்கு ஒருமுறை, ஒற்றைப்படை ஆண்டில் மட்டும், 140 நாட்களுக்குக் கூடுவது. அவள் பன்னிரண்டில் இருக்கும் 2029–30 கல்வியாண்டிலோ, இலையுதிர் காலத்தில் அதிபர் தேர்தலும் இல்லை, காங்கிரஸ் தேர்தலும் இல்லை. சட்டமன்றத்தின் வழக்கமான கூட்டமும் இல்லை. பள்ளி வரிசைப்படி அரசாங்கத்தைப் பன்னிரண்டில் வைத்தால், நாடே ஆட்சிமுறையைப் பற்றிப் பேசி முடித்து ஓய்ந்த ஆண்டில் அவள் புத்தகத்தைத் திறப்பாள்.

இப்போது கம்யூனிட்டி கல்லூரியின் பாடங்களைப் பாருங்கள். இந்த மாநிலத்தில் அரசாங்கம் இரண்டு பாடங்களாக இருக்கிறது: ஒன்று கூட்டாட்சி அரசு, மற்றொன்று டெக்சஸ் அரசு. 2028 இலையுதிர் காலத்தில் முதலாவது, 2029 வசந்தத்தில் இரண்டாவது. ஒன்று தேர்தலோடும் மற்றொன்று சட்டமன்றத்தோடும் பொருந்துகின்றன. டெக்சஸ் அரசுப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெறும் எவரும் அரசாங்கத்தில் ஆறு கிரெடிட் மணி, அமெரிக்க வரலாற்றில் ஆறு கிரெடிட் மணி முடித்தாக வேண்டும் என்பது சட்டம். இந்த ஓராண்டில் முதல் ஆறும் முடிந்துவிடும். சேர்வதற்கு டிஎஸ்ஐ என்ற தகுதித் தேர்வை எழுத வேண்டியிருக்கும்; அதைப் பத்தாம் வகுப்பின் வசந்தத்தில் முடித்துவிடுங்கள். வெளிமாநிலக் கல்லூரிக்கோ தனியார் கல்லூரிக்கோ போனால் இந்த மணிகளை அவர்கள் ஏற்காமலும் போகலாம். அப்படிப் போனாலும் படித்தது வீணாகாது.

இந்த வரிசையில் என்னை மிகவும் ஈர்த்தது வேறொன்று. டெக்சஸில் மாணவர் தேர்தல் எழுத்தர் என்று ஒரு பணி இருக்கிறது. பதினாறு வயது நிறைந்த, அமெரிக்கக் குடியுரிமை உள்ள பள்ளி மாணவர்கள் வாக்குச்சாவடியில் வேலை செய்யலாம். வீட்டில் படிக்கும் பிள்ளைகளுக்கும் சட்டம் இடம் தருகிறது. பள்ளி மாணவருக்கு முதல்வர் தரும் ஒப்புதலை உங்கள் மகளுக்குப் பெற்றோராகிய நீங்களே தருவீர்கள். 2028 நவம்பரில் அவளுக்குப் பதினாறு வயது நிறைந்திருக்கும். வாக்களிக்க முடியாத வயதில், பிறர் வாக்களிப்பதற்கு உதவியாக ஒரு மேசைக்குப் பின்னால் அவள் அமர்ந்திருப்பாள். வருபவரின் அடையாள அட்டையைப் பார்த்து, பட்டியலில் பெயரைத் தேடி, மாலையில் எண்ணிக்கை சரிபார்க்கப்படுவதை அருகிலிருந்து பார்ப்பாள். உங்கள் கணவர் எச்-1பி விசாவில் இருந்தால் உங்கள் வீட்டில் பெரியவர்கள் யாரும் இந்த நாட்டில் வாக்களித்திருக்க மாட்டீர்கள். பிறப்பால் வரும் குடியுரிமையைப் பற்றி, அரசமைப்பின் 1868-ஆம் ஆண்டுப் பதினான்காம் திருத்தமும், 1898-இல் வோங் கிம் ஆர்க் வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பும் என்ன சொல்கின்றன என்பதை அந்த நாளுக்கு முன்பே அவள் படித்திருக்கட்டும். தன் குடியுரிமை எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டு அவள் அந்த மேசையில் அமரட்டும்.

தேர்தல் நாள் வரை வாரம் ஒரு மணி நேரம் இதற்கென்று ஒதுக்குங்கள். அதிபரைத் தேர்ந்தெடுக்க மாநிலங்களுக்குப் பங்கிடப்பட்டவை மொத்தம் 538 தேர்வாளர் வாக்குகள், வெல்ல 270, அவற்றில் டெக்சஸுக்கு 40. வரைபடத்தில் மாநிலங்களைப் பென்சிலால் நிரப்பி, கருத்துக்கணிப்பு மாறும்போது அழித்து எழுதட்டும். அக்டோபர் முதல் திங்களன்று உச்ச நீதிமன்றத்தின் புதிய பருவம் தொடங்குகிறது. வாதங்களை நேரலை ஒலியாகக் கேட்கலாம். ஒரே ஒரு வழக்கைத் தேர்ந்தெடுத்து வாதத்தைக் கேட்டு, தீர்ப்பு இப்படித்தான் வரும் என்று எழுதி உறையில் போட்டு ஒட்டி வைக்கட்டும். ஜூன் மாதத்துக்குள் பெரும்பாலும் விடை வந்துவிடும்.

பன்னிரண்டாம் வகுப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. விண்ணப்பக் கட்டுரைகள் எழுதும் இலையுதிர் காலத்தில் பொருளியலை அரை ஆண்டு நடத்துங்கள். கணிதம் முதிர்ந்திருக்கும் வயது என்பதால் அது எளிதாகவே இருக்கும். வரி விவரத் தாள், கல்லூரிக் கடனின் வட்டி, உங்கள் வீட்டுக் கடன் பத்திரம் மூன்றையும் பாடமாக்குங்கள். வசந்தத்தில் அவளுக்குப் பிடித்த தலைப்பு. மூன்றாண்டுகள் கழித்து அது எதுவாக இருக்கும் என்று இப்போதே தீர்மானிக்காதீர்கள்.

நடுவில் பள்ளிக்குத் திரும்பும் எண்ணம் சிறிதேனும் இருந்தால் மட்டும் என் வரிசையை யோசித்து எடுங்கள். வீட்டில் முடித்த பாடத்துக்குக் கிரெடிட் தருவதா என்பதைப் பள்ளி நிர்வாகம்தான் முடிவு செய்யும். பாடத்திட்டத்தையும் மாணவியின் வேலைகளையும் பார்க்கலாம், தேர்வும் வைக்கலாம். பதினொன்றில் போய்ச் சேரும் பிள்ளையைப் பள்ளி பெரும்பாலும் அமெரிக்க வரலாற்றில்தான் உட்கார வைக்கும். பத்தில் அதை முடித்திருக்கிறாள் என்று நிறுவ வேண்டிய வேலை உங்கள் தலையில் விழும். நோட்டில் குறிப்பு எழுதச் சொன்னது இதற்கும்தான்.

மகனைச் சேர்த்து நடத்தலாமா என்று கேட்டீர்கள். முதல் இரண்டு ஆண்டுகள் தாராளமாக நடத்தலாம். வரைபடம் ஒன்றே, கதை ஒன்றே. அவனுக்கு மெல்லிய புத்தகம், அவளுக்குக் கனமான புத்தகம். வாய்மொழியாகப் பேசும் நேரத்தில் இருவரும் இருக்கட்டும், எழுதும் நேரத்தில் அவள் தனியே இருக்கட்டும். அக்கா எழுதிய பத்தியை வெள்ளிக்கிழமை தோறும் தம்பிக்கு வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். பதினொரு வயதுப் பையனுக்குப் புரியாத வாக்கியத்தை அவள் தானாகவே திருத்துவாள். 2028 இலையுதிர் காலத்தில் அவள் கல்லூரி வகுப்புக்குப் போகத் தொடங்கும்போது இருவரின் பாதையும் பிரிந்துவிடும். தேர்தல் வரைபடத்தில் மட்டும் அவனும் பென்சில் பிடிக்கட்டும்.

ஆனால் அவனுடைய உயர்நிலைப் படிப்புக்கு அக்காவின் வரிசையை நகல் எடுத்துவிடாதீர்கள். அவன் ஒன்பதாம் வகுப்பைத் தொடங்குவது 2029-இல், பன்னிரண்டைத் தொடங்குவது 2032 ஆகஸ்டில். அடுத்த அதிபர் தேர்தலுக்கு அடுத்தது 2032 நவம்பரில் வருகிறது. சட்டமன்றம் 2033 ஜனவரியில் கூடுகிறது. அவனுக்குப் பள்ளி வரிசையே கச்சிதமாகப் பொருந்துகிறது: அமெரிக்க வரலாறு பதினொன்றில், அரசாங்கம் பன்னிரண்டில். அவனுடைய பிறந்த நாள் நவம்பருக்கு எத்தனை மாதம் முன்பு வருகிறது என்று கடிதத்தில் நீங்கள் எழுதவில்லை. பதினெட்டு அதற்குள் நிறைந்துவிடுமானால், தேர்தலுக்கு முப்பது நாள் முன்பே வாக்காளர் பட்டியலில் அவன் பெயரைப் பதிவு செய்ய வேண்டும் என்பதை மட்டும் இப்போதே குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.